தனி ஆளாகச் செய்த விமானம்

அன்புள்ள சார்,

மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் நடுவில் எங்கள் ஊர். மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து, கொஞ்ச காலம் திருப்பூரில் வேலை பார்த்தேன். இப்போது அப்பாவோடு வெல்டிங் பட்டறை நடத்துகிறேன். எங்கள் பழைய நெல் கொட்டகையில் ஒருவர் உட்காரும் சிறு விமானம் ஒன்றைத் தனி ஆளாகச் செய்துகொண்டிருக்கிறேன். உடல்பகுதி முடிந்தது, இறக்கை பாதி முடிந்தது. பழைய மாருதி 800 எஞ்சின் ஒன்று விலைக்கு வருகிறது. அதைப் போடலாமா, அல்லது இரண்டு புல்லட் எஞ்சின் போடலாமா? சித்திரையில் உளுந்து எடுத்த பிறகு எங்கள் வயலிலேயே பறந்து பார்க்க எண்ணம். ஊரில் சிரிக்கிறார்கள். புஷ்பக விமானம் கண்ட பரம்பரையில் வந்த நம்மால் முடியாதா? படங்கள் இணைத்திருக்கிறேன். என்னைப் பற்றி நீங்கள் நாலு வரி எழுதினால் யாராவது உதவ வருவார்கள்.

எஸ்.

அன்புள்ள தம்பி,

படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வெல்டிங் சுத்தமாக இருக்கிறது. பற்று சீராக விழுந்திருக்கிறது, கைவந்தவன் வேலை. ஊரில் சிரிக்கிறார்கள் என்று வருத்தப்படாதீர்கள். சிரிப்பவர்களால் உங்களுக்கு ஒரு கெடுதலும் வராது. எனக்குப் பயமெல்லாம் கைதட்ட வருகிறவர்களை நினைத்துத்தான். கொஞ்ச காலமாகவே இது மனதில் கிடந்து உறுத்துகிறது. உங்கள் கடிதம் வந்ததும் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

புஷ்பக விமானத்தை விட்டுவிடுவோம். எனக்குத் தெரிந்த புஷ்பக், பெங்களூரில் எச்.ஏ.எல். என்ற விமானத் தொழிற்சாலை செய்து 1958இல் பறந்த இரண்டு இருக்கை விமானம். எஃகுக் குழாய்ச் சட்டம், மேலே துணி. நம் நாட்டு ஃப்ளையிங் கிளப்புகளில் எத்தனையோ பேர் அதில்தான் பழகினார்கள். உங்கள் கொட்டகையில் நிற்பதற்கு நெருங்கிய பரம்பரை அதுதான். அதைத் தேடிப் படியுங்கள்.

2021 ஆகஸ்டில் மகாராஷ்டிரத்தின் யவத்மாள் மாவட்டத்தில் ஒரு வெல்டர் இறந்துபோனார். வயது 24. உங்களைப் போலவே தகட்டையும் குழாயையும் வளைத்துச் சொந்தமாக ஒரு ஹெலிகாப்டர் செய்தவர். அவர் போட்டிருந்ததும் மாருதி 800 எஞ்சின்தான். தரையில் நிறுத்தி ஓட்டிப் பார்த்தபோது வால்பக்கத்து விசிறித் தகடு உடைந்து மேல் விசிறியில் மோத, அது அவரைத் தாக்கிவிட்டது. அந்தக் காட்சி கைபேசியில் பதிவாகி நாடெங்கும் சுற்றியது. நானும் பார்த்தேன், பார்த்திருக்கக் கூடாது. படம் பிடிக்க அங்கே ஆள் இருந்தது. ‘இன்னிக்கு ஓட்டாதே, முதலில் அந்தத் தகட்டைச் சோதிப்போம்’ என்று சொல்லத் தெரிந்த ஒருவர் இருந்ததாகத் தெரியவில்லை.

இந்த மாதிரிப் பிள்ளைகளைப் பற்றி நம் பத்திரிகைகளும் டிவிக்காரர்களும் எழுதுவதைப் பாருங்கள். யாரிடமும் கற்காமல், யார் உதவியும் இல்லாமல், தனி ஆளாக, யூடியூப் பார்த்தே விமானம் செய்த கிராமத்து விஞ்ஞானி! இதில் எதைப் பாராட்டுகிறார்கள்? யாரிடமும் கேட்காததையா? ஒரு இளைஞன் தன் உயிரைப் பணயம் வைத்துத் தனியாகக் கிடந்து அல்லாடினால் அதைப் பெருமை என்று சொல்லி மாலை போடுகிறார்கள். எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. நீங்களும் கடிதத்தில் அதையே பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். விமானம் தனி ஆள் செய்யும் காரியமே இல்லை தம்பி. என்றைக்கும் இருந்ததில்லை.

1903ஐ எடுத்துக்கொள்ளுங்கள். வாஷிங்டனில் சாமுவேல் லாங்லி பெரிய விஞ்ஞானி. விமானம் செய்ய ராணுவம் அவருக்கு 50,000 டாலர் கொடுத்திருந்தது. அவருடைய எஞ்சின் 52 குதிரைத்திறன், அந்தக் காலத்துக்கு அபாரமான எஞ்சின். அக்டோபர் 7ஆம் தேதி ஒரு முறை, டிசம்பர் 8ஆம் தேதி இன்னொரு முறை, அவருடைய விமானம் போட்டோமாக் ஆற்றில் விழுந்தது. ஒன்பது நாள் கழித்து டிசம்பர் 17இல் ரைட் சகோதரர்கள் பறந்துவிட்டார்கள். அவர்கள் எஞ்சின் வெறும் 12 குதிரைத்திறன். அதையும் அவர்கள் சைக்கிள் கடை மெக்கானிக் சார்லி டெய்லர் ஆறே வாரத்தில் செய்து கொடுத்தார். 1901இல் ஒரு பெட்டிக்குள் காற்றை ஊதவிட்டு ஏறக்குறைய 200 குட்டி இறக்கைகளைச் சோதித்திருந்தார்கள். 1902இல் எஞ்சினே இல்லாத கிளைடரில் நூற்றுக்கணக்கான முறை மணல்மேட்டிலிருந்து இறங்கிப் பழகியிருந்தார்கள். எஞ்சின் கடைசியாக வந்தது. இதைவிட முக்கியம், அவர்கள் இரண்டு பேர். ஒருவர் சொன்னதை மற்றவர் விடாமல் மறுப்பார். சண்டை முற்றி, கடைசியில் அண்ணன் தம்பியின் கட்சிக்கும் தம்பி அண்ணன் கட்சிக்கும் மாறிப்போய் நிற்பார்களாம். நம் பக்கத்திலும், 1910இல் சென்னையில் ஹோட்டல் நடத்திய டாஞ்செலிஸ் சொந்த விமானத்தைப் பல்லாவரத்தில் பறக்கவிட்டபோது அவருக்குப் பின்னால் சிம்சன் கம்பெனியின் வண்டிப் பட்டறை இருந்தது.

இன்றைக்கு நம் ஆட்களைப் பாருங்கள். மும்பையில் மொட்டைமாடியில் ஆறு இருக்கை விமானம் செய்த அமோல் யாதவ், 2017இல் அதற்குப் பதிவு வாங்கினார். அவர் தொழிலே விமானி. ஆலப்புழைக்காரர் அசோக் தாமராக்ஷன் இங்கிலாந்தில் ஊரடங்கு காலத்தில் கிட், அதாவது பூட்டிக்கொள்ளும் பாகங்களின் தொகுப்பு, வாங்கி ஸ்லிங் என்ற சிறு விமானம் கட்டி, குடும்பத்தோடு ஐரோப்பா போய்வந்தார். அவர் 2018இலேயே விமானி உரிமம் வாங்கியவர். அந்த நாட்டில் வேலை நடக்க நடக்கப் பரிசோதகர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். தொடுபுழைப் பக்கத்து சஜி தாமஸ், காது கேட்காத, வாய் பேசாத மனிதர், சொந்தமாகச் செய்த விமானம் 2014இல் பறந்ததே, அதை ஓட்டிக் காட்டியவர் விமானப்படையிலிருந்து ஓய்வுபெற்ற அதிகாரி. ஒவ்வொருவர் விஷயத்திலும் விமானத்தில் ஏறி உட்கார்ந்தது பறக்கத் தெரிந்த ஆள். நீங்கள் இதுவரை ஒரு தடவையாவது விமானத்தின் கட்டுப்பாட்டைக் கையில் பிடித்திருக்கிறீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சோதித்தறியாத இயந்திரத்தில் பறக்கத் தெரியாத ஆள் ஏறுவது தற்கொலை.

என் தாய்மாமா பொன்மலை ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்தார். நாகப்பட்டினத்துப் பட்டறை பொன்மலைக்கு மாறியபோது அவருடைய அப்பா கூடவே வந்து சேர்ந்தவர். மாமா லீவில் ஊருக்கு வந்தால் எங்கள் பம்புசெட்டைப் பிரித்து மாட்டுவார். நட்டை முடுக்கியதும் நட்டிலிருந்து போல்ட் முனை வரைக்கும் சிவப்பு பெயிண்டால் மெல்லிசாக ஒரு கோடு இழுப்பார். நட்டு இம்மி அசைந்தாலும் கோடு முறிந்து காட்டிக்கொடுத்துவிடும். அப்புறம் என்னைக் கூப்பிடுவார். “நான் முடுக்கினத நானே பாத்தா கண்ணு சரின்னுதான்டா சொல்லும். நீ பாரு” என்பார். ஒன்றும் புரியாத வயது, இருந்தாலும் ஒவ்வொரு கோடாகத் தொட்டு எண்ணிச் சொல்ல வேண்டும். ஒருநாள் விளையாட்டு நினைப்பில் எண்ணாமலே சரி என்று சொல்லிவிட்டேன். அடிக்கவில்லை, திட்டவில்லை. மொத்தத்தையும் மறுபடி பிரித்தார். இருட்டும்வரை பக்கத்தில் நின்று விளக்குப் பிடித்தேன். விமானப் பட்டறைகளிலும் நட்டின் மேல் இதே கோட்டைப் போடுகிறார்கள் என்று பின்னால் தெரிந்தபோது மாமாவை நினைத்துக்கொண்டேன்.

இப்போது உங்கள் ஐந்தாவது படத்துக்கு வருவோம். இறக்கை உடலோடு சேரும் இடம். அங்கே கடைத்தெரு போல்ட் போட்டிருக்கிறீர்கள், மரை தலைவரைக்கும் ஓடுகிறது. துளைக்குள் சுமையைத் தாங்கி நிற்பது மரையின் பள்ளங்கள்தான், வெட்டுப்படுவதும் அங்கேதான். விமான போல்ட்டில் துளைக்குள் உட்காரும் பகுதி மழமழவென்று இருக்கும், மரை வெளியே நட்டுக்குள் மட்டும். அசையும் மூட்டென்றால் நட்டில் பள்ளம் வெட்டி ஸ்பிளிட் பின் போட்டுப் பூட்டுவார்கள். இவ்வளவு சுத்தமாக வெல்டிங் பிடிக்கத் தெரிந்த உங்களுக்கு இது கண்ணில் படாமல் போனது ஏன்? நீங்களே செய்து நீங்களே பார்த்ததால்தான்.

இறக்கையைச் சோதிக்க எந்த நிறுவனமும் வேண்டாம். டெல்டாக்காரனிடம் மூட்டைக்கா பஞ்சம்? உங்களையும் பெட்ரோலையும் சேர்த்து விமானம் 300 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சாதாரணச் சிறு விமானத்தின் இறக்கை எடையைப்போல 3.8 மடங்கு தாங்க வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. 1,140 கிலோ. கொள்முதல் நிலையத்து 40 கிலோ மூட்டையில் இருபத்தெட்டரை மூட்டை. பறக்கும்போது காற்று இறக்கையை மேல்நோக்கித் தள்ளும், அதனால் இறக்கைகளைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பொருத்தி, இரண்டுக்கும் சமமாகப் பிரித்து ஏற்றுங்கள். உடலோடு சேரும் பக்கம் அதிகம், நுனிக்குப் போகப்போகக் குறைவு. இறக்கையின் சொந்த எடைக்குக் கழித்துக்கொள்ளலாம். மூட்டையை இறக்கியதும் இறக்கை பழைய இடத்துக்கே திரும்ப வேண்டும், ஒரு நூல்கூட வளைந்து நிற்கக் கூடாது. அடுத்து ஒன்றரை மடங்கு: 1,710 கிலோ, ஏறக்குறைய 43 மூட்டை. மூன்று விநாடி முறியாமல் நின்றால் போதும். ஊர்ப் பிள்ளைகளைக் கூப்பிட்டு ஏற்றச் சொல்லுங்கள், சிரித்தவர்களும் வரட்டும். ஒவ்வொரு மூட்டைக்கும் நுனி எவ்வளவு தாழ்ந்தது என்று அளந்து இன்னொருவர் நோட்டில் எழுத வேண்டும். நீங்கள் எழுதக் கூடாது.

உங்கள் வயல் ஆகாது. சித்திரை வெயிலில் நம் களிமண் வெடித்துக் கிடக்கும், சின்னச் சக்கரம் இறங்கினால் மூக்குக் குத்திக் கவிழும். வரப்பு, பனை, மின்கம்பி வேறு. மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ.வின் பதிவும் பறக்கும் அனுமதியும் இல்லாமல் தரையை விட்டு எழும்பவே கூடாது. தஞ்சாவூரில் விமானப்படைத் தளம் இருக்கிறது. 2020 ஜனவரியிலிருந்து சுகோய்ப் போர்விமானப் படைப்பிரிவு ஒன்று அங்கே நிற்கிறது. அவர்கள் வானத்தில் நீங்கள் சொல்லாமல் கொள்ளாமல் ஏற முடியாது.

எஞ்சினைக் கேட்டிருந்தீர்கள் அல்லவா? புரொப்பெல்லர் நிமிடத்துக்கு 2,500 சுற்று அளவில்தான் நன்றாக இழுக்கும். கார் எஞ்சின் முழு பலம் கொடுப்பது அதைப்போல இரண்டு மடங்கில். நடுவில் பல்சக்கரமோ பெல்ட்டோ போட்டுக் குறைக்க வேண்டும், அதிர்வெல்லாம் அங்கே வந்து உட்காரும். புல்லட் யோசனை வேண்டாம். எதையும் இப்போது வாங்காதீர்கள்.

திருச்சியில் எனக்கு ஒருவரைத் தெரியும். விமானப்படையில் தரைப் பராமரிப்பில் இருந்து ஓய்வுபெற்றவர், கோபக்காரர். முதல் நாள் உங்களைத் திட்டுவார், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் படங்களை அனுப்பிவிட்டேன், வந்து பார்க்கச் சம்மதித்திருக்கிறார். அதற்குள் அந்த போல்ட்டுகளைக் கழற்றி வையுங்கள். உங்களைப் பற்றி நாலு வரி கேட்டீர்கள். அவர் நோட்டில் கையெழுத்துப் போட்ட பிறகு எழுதுகிறேன். அப்பாவின் எண்ணை அனுப்புங்கள், நீங்கள் விமானம் ஓட்டப் பழகும் பயிற்சிச் செலவைப் பற்றி அவரிடம் நான் பேசுகிறேன்.