புனித பேட்ரிக் எந்த நாட்டவர்?

கேள்வி: அயர்லாந்தின் பாதுகாவலரான புனித பேட்ரிக் அந்நாட்டில் பிறந்தவர் அல்லர் என்று, அவருடைய திருநாளான மார்ச் 17 அன்று மறையுரையில் எங்கள் பங்குத்தந்தை கூறினார். அவர் அங்கிருந்த பாம்புகளை விரட்டினார் என்பதாவது உண்மையா?
– வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: பங்குத்தந்தை கூறியது சரியே. பேட்ரிக் பிரிட்டனில், ரோமானியப் பழக்கவழக்கங்களில் ஊறிய குடும்பம் ஒன்றில் பிறந்தவர். தந்தை கல்போர்னியுஸ் திருத்தொண்டர் (குருவுக்கு அடுத்த நிலைத் திருப்பணியாளர்), பாட்டனார் பொத்தித்துஸ் குரு (பாதிரியார்). பாம்புக் கதை பிற்காலத்தார் கட்டியது. பனியுகத்துக்குப் பிறகு அந்தத் தீவில் விரட்டுவதற்குப் பாம்பே இருந்ததில்லை.

அவர் இலத்தீனில் எழுதிய இரண்டு நூல்கள் நமக்குக் கிடைத்திருக்கும்போது கதைகளை நம்பியிருக்க வேண்டியதில்லை. 'அறிக்கை' என்னும் நூலில், ஏறத்தாழ 16 வயதில் கொள்ளையரிடம் சிக்கி, அயர்லாந்தில் 6 ஆண்டுகள் அடிமையாகக் கால்நடை மேய்த்ததையும், தப்பி வீடு சேர்ந்த பின்னர் அதே மக்களிடம் நற்செய்தி சொல்லத் திரும்பியதையும் அவரே விவரிக்கிறார். மற்றொன்று, கொரோத்திகுஸ் என்ற தலைவனின் படைவீரர்களுக்கு எழுதிய கடிதம். என் கணிப்பில் அவருடைய உள்ளத்தை அதிகம் காட்டுவது இதுவே. புதிதாகத் திருமுழுக்குப் பெற்று, நெற்றியில் பூசிய தைலம்கூட உலராமல் வெண்ணிற ஆடையோடு நின்றவர்களுள் சிலரை அவ்வீரர்கள் வெட்டிக் கொன்று, மற்றவர்களை அடிமைகளாகப் பிடித்துச் சென்றனர். சிறைப்பட்டவர்களையாவது விட்டுவிடும்படி பேட்ரிக் ஒரு குருவைக் கடிதத்துடன் அனுப்பியபோது அவர்கள் சிரித்தார்கள். உடனே, அவர்கள் கண்ணீர்விட்டு மனம் வருந்தி அடிமைகளை விடுவிக்கும்வரை அவர்களோடு யாரும் உண்ணவோ பருகவோ கூடாதென்று, நமக்குக் கிடைத்திருக்கும் இந்த இரண்டாம் கடிதத்தில் அவர் விலக்கி வைத்தார். (1743-இல் நம் புதுச்சேரியிலேயே ஆட்களைக் கடத்தி அடிமைகளாக விற்றதை ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் படித்தவர்களுக்கு, அந்தச் சினத்தின் நியாயம் எளிதில் விளங்கும்.) நாங்கள் அயர்லாந்தினர் என்பதே அவர்களுக்கு இழிவாகப் படுகிறது என்றும் அக்கடிதத்தில் குமுறுகிறார். பிறப்பால் அந்நியரான அவர் அங்கே 'நாங்கள்' என்கிறார்.

கேள்வி: அயர்லாந்துக்கு முதலில் கிறிஸ்தவத்தைக் கொண்டு சென்றவர் அவர்தானா?
– வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: அல்லர். 431-ஆம் ஆண்டில், கிறிஸ்துவை ஏற்கெனவே நம்பிய அயர்லாந்தினருக்கு முதல் ஆயராகப் பல்லாதியுஸ் என்பவரைத் திருத்தந்தை செலஸ்தீன் அனுப்பியதாக, அக்காலத்தவரான புரோஸ்பர் என்ற வரலாற்றுக் குறிப்பாளர் எழுதியிருக்கிறார். ஆனால் அதற்கு அப்பால் மனிதரே இல்லாத கடைக்கோடிவரை, திருமுழுக்குக் கொடுக்க முன்பு எவரும் வராத ஊர்களுக்குத் தாம் சென்றதாகப் பேட்ரிக் எழுதுகிறார். அப்பணிக்காக யாரிடமாவது அரைக்காசு வாங்கியிருந்தால் சொல்லுங்கள், திருப்பித் தருகிறேன் என்று தம்மைக் குறைகூறியவர்களுக்குச் சவாலும் விடுகிறார்.