மகளின் வாட்ஸ்அப்பை வாசிக்கலாமா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

என் மகளுக்கு 11 வயது. வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் இருக்கிறார்கள், தான் மட்டும் இல்லை என்று மூன்று மாதம் அழுதாள். கடைசியில் என் பழைய போனைக் கொடுத்து, வயதைக் கூட்டிச் சொல்லி, நானே கணக்குத் தொடங்கிக் கொடுத்தேன். மனம் கேட்காமல் அந்தக் கணக்கை என் லேப்டாப்பிலும் இணைத்து வைத்திருக்கிறேன். அது அவளுக்குத் தெரியாது. போன வாரம் வாசித்தபோது, குரூப்பில் ஒரு பையனை எல்லோருமாகச் சேர்ந்து கேலி செய்திருந்தார்கள். என் மகளும் சிரிக்கும் பொம்மை போட்டிருக்கிறாள். கேட்டால் நான் ஒளிந்து வாசித்தது தெரிந்துவிடும். கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. 13 வயது என்பது சட்டமா? நான் செய்தது தவறா? பெயர் வேண்டாம்.

ஒரு தாய்

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்த 13. வாட்ஸ்அப்பில் ஒரு பிள்ளை தானாகக் கணக்குத் தொடங்க அந்த வயது ஆகியிருக்க வேண்டும் என்பது நிறுவனத்தின் விதி. அதன் வேர் அமெரிக்காவில் 1998இல் வந்த ஒரு சட்டத்தில் இருக்கிறது. 13 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் தகவல்களைப் பெற்றோரின் ஒப்புதல் இல்லாமல் திரட்டக் கூடாது என்றது அது. ஒப்புதல் வாங்கும் வேலை எதற்கு என்று பல நிறுவனங்கள் 13ஐயே வாசற்படியாக்கிவிட்டன. ஒரு பிள்ளை எந்த வயதில் கேலியைத் தாங்கும், எந்த வயதில் முன்பின் தெரியாதவரை மறுக்கும் என்று யாரும் அளந்து வைத்த எண் அல்ல. ஐரோப்பாவில் இதே வாட்ஸ்அப் 2018இல் வயதை 16 ஆக்கியது, 2024இல் மறுபடி 13க்கே இறக்கியது. இடைப்பட்ட ஆறு ஆண்டுகளில் பிள்ளைகள் மாறிவிடவில்லை. இந்தியாவின் 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது வரை எல்லோரையும் குழந்தை என்றே சொல்கிறது. ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் முதல் 16 வயதுக்குட்பட்டவர்களுக்குச் சமூக ஊடகக் கணக்கு கூடாது என்றது. ஆனால் செய்தி அனுப்புவதற்கென்றே இருக்கும் செயலிகளை அதிலிருந்து விலக்கி வைத்தது.

அதனால் விதியை மீறலாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வயதைக் கூட்டிச் சொன்னது தவறுதான். பிறந்த தேதி கேட்கும் செயலிகளில் இதன் கணக்கு எப்படிப் போகிறது பாருங்கள்: 10 வயதில் 13 என்று சொன்ன பிள்ளை, 15 வயதில் அந்தச் செயலியின் பார்வையில் 18 வயதுப் பெரியவள். பதின்வயதினருக்கென்று வைத்திருக்கும் தடுப்புகள் எல்லாம் அவளுக்கு மூன்று வருடம் முன்னதாகவே விலகிவிடும். அதைவிட எனக்கு உறுத்துவது, பொய் சொல்லி உள்ளே போகலாம் என்பதை அவள் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டாள் என்பது. என்னைக் கேட்டால், இரண்டு வருடத்துக்கு அந்தக் குரூப்பை உங்கள் போனில், உங்கள் எண்ணில் வைத்து, அவளை அதில் பேச விடுவேன். அழுவாள். அந்த அழுகையைத் தாங்கலாம்.

இப்போது அந்தச் சிரிக்கும் பொம்மை. உங்கள் கடிதத்தில் என்னைத் தூங்க விடாதது அதுதான்.

என் மகளுக்கு 12 வயதில் இப்படி ஒன்று நடந்தது. வகுப்பில் கொட்டாவி விட்ட ஒரு பெண்ணைப் படம் எடுத்து யாரோ ஸ்டிக்கர் ஆக்கியிருந்தார்கள். என் மகள் அதைச் செய்யவில்லை, இன்னொரு குரூப்புக்கு அனுப்பினாள், அவ்வளவுதான். அந்தப் பெண் நான்கு நாள் பள்ளிக்கு வரவில்லை. விஷயம் என் காதுக்கு வந்தபோது மகள், “எல்லாரும்தான்பா போட்டாங்க” என்றாள். அந்தப் பொண்ணும் குரூப்ல இருந்தாளா என்று கேட்டேன். இருந்தாள். பார்த்தாளா என்று கேட்டேன். நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “நீலக் கோடு வந்துச்சு” என்றாள். குரூப்பில் எல்லோரும் பார்த்த பிறகுதான் அந்த இரண்டு கோடும் நீலமாகும். அவளுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. அதுவரை முன்பின் தெரியாத ஆட்களுக்குத்தான் நான் பயந்துகொண்டிருந்தேன். என் பிள்ளை இன்னொரு பிள்ளையை அழ வைக்கக்கூடும் என்று நினைத்தே பார்த்ததில்லை.

தெரியாத ஆட்களுக்குப் பயப்பட வேண்டாமா என்றால், வேண்டும். அதில் பாதியைச் செட்டிங்ஸிலேயே முடித்துவிடலாம். பிரைவசி பகுதியில், குரூப்பில் யார் சேர்க்கலாம் என்பதை ‘மை காண்டாக்ட்ஸ்’ என்று மாற்றுங்கள். புரொஃபைல் படத்துக்கும் லாஸ்ட் சீனுக்கும் அதுவே போதும். தெரியாத எண்ணிலிருந்து வரும் அழைப்பு மணி அடிக்காமல் இருக்கவும் வழி இருக்கிறது. ஆனால் ஒரு குரூப்பில் இருக்கும் யாரும் மற்றவர் எண்ணைப் பார்த்துத் தனியே செய்தி அனுப்ப முடியும். அந்தச் செய்தி அனுப்பியவருக்கும் பெறுபவருக்கும் நடுவே பூட்டியே போகிறது, நிறுவனமே படிக்க முடியாது. உங்கள் மகள் ரிப்போர்ட் செய்தால்தான் அந்த ஆளின் கடைசிச் செய்திகள் ஐந்து வரை நிறுவனத்துக்குப் போகும். ரிப்போர்ட் செய்தது அந்த ஆளுக்குத் தெரியாது. ஆக, நடுவில் காவலுக்கு யாரும் இல்லை. அவள்தான் சொல்ல வேண்டும்.

அவள் சொல்வாளா? தப்பாக ஒன்று வந்தால் பிள்ளைகள் முதலில் பயப்படுவது அந்த ஆளுக்கு அல்ல, ‘அம்மாவுக்குத் தெரிந்தால் போனைப் பிடுங்கிவிடுவாள்’ என்பதற்கு. மிரட்டுகிறவர்கள் அந்தப் பயத்தை வைத்துத்தான் பிடியை இறுக்குகிறார்கள். சொன்னதற்காகப் போனைப் பிடுங்க மாட்டேன் என்று நீங்கள் வாக்குக் கொடுக்க வேண்டும், கொடுத்தால் காப்பாற்ற வேண்டும். 11 வயதில் பெற்றோர் பார்ப்பதே தவறு என்று நான் நினைக்கவில்லை. ‘ஞாயிற்றுக்கிழமை உன் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன்’ என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் பாருங்கள். 14 வயதில் அதைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஒளிந்து பார்ப்பதுதான் வேண்டாம். எப்படியும் அது ஒளிந்திருக்காது. அவள் போனில் ‘லிங்க்ட் டிவைசஸ்’ என்ற இடத்தைத் தொட்டால் உங்கள் லேப்டாப் அங்கே இருக்கும், கடைசியாக எப்போது இயங்கியது என்ற நேரத்தோடு. இன்று இல்லாவிட்டால் அடுத்த மாதம் பார்த்துவிடுவாள்.

அதற்கு முன் நீங்களே சொல்லிவிடுங்கள். இந்த வாரமே. “உனக்குத் தெரியாமல் வாசித்தேன், அது தப்பு” என்று தொடங்கி, லேப்டாப்பின் இணைப்பை அவள் கையாலேயே எடுக்கச் சொல்லுங்கள். கத்துவாள், கதவைச் சாத்துவாள். இருக்கட்டும். கோபம் ஆறிய பிறகு, அந்தப் பையனைப் பற்றிக் கேளுங்கள். நான் என் மகளைக் கேட்டதையே கேட்கலாம்: அவன் அதைப் பார்த்தானா? அவனிடம் அவள் என்ன சொல்லப் போகிறாள் என்பதை நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள். என் மகளுக்கு அதற்கு மூன்று நாள் ஆனது. குரூப்பில் இல்லை, வகுப்பில் நேரில் போய்ச் சொன்னாள்.

பேசிய பிறகு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.