ஒருவருக்கு உயிரான கிடார், இன்னொருவர் கைக்கு ஏன் ஒட்டுவதில்லை?

இந்த முறை கிடார் வாங்குவது பற்றி வந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நான்கு பேர் நான்கு விதமாகக் கேட்டிருந்தாலும், எல்லோருக்கும் உள்ளே இருக்கும் குழப்பம் ஒன்றுதான்: ஊரே புகழும் பிராண்ட் எனக்கு ஏன் பிடிக்கவில்லை?

கேள்வி: என் அண்ணனிடம் ஃபெண்டர் நிறுவனத்தின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்ற எலெக்ட்ரிக் கிடார் இருக்கிறது. அதை அரை மணி நேரம் வாசித்தாலே எனக்கு விரல் வலிக்கிறது. சத்தமும் மெல்லிசாக, கூர்மையாகக் கேட்கிறது. நண்பர் வீட்டில் உள்ள கிப்சன் நிறுவனத்தின் லெஸ் பால் கிடாரை எடுத்தால் கீழே வைக்க மனம் வருவதில்லை. அண்ணனோ "அது கனமான கட்டை, சத்தம் அடைத்துக்கொண்டு வருகிறது" என்கிறார். உண்மையிலேயே வித்தியாசம் இருக்கிறதா, இல்லை பிராண்ட் மோகம்தானா? அறுபதாயிரம் ரூபாய்க்குள் ஒன்று வாங்க நினைக்கிறேன்.

பதில்: உங்கள் விரல் சொல்வதும் உண்மை, அண்ணனின் காது சொல்வதும் உண்மை. இரண்டு கிடாரும் அளவிலேயே வேறு வேறு.

முதலில் கம்பியின் நீளம். தலைப்பக்கம் கம்பியைத் தாங்கும் நட்டிலிருந்து உடல்பக்கம் தாங்கும் பிரிட்ஜ் வரை, ஸ்ட்ராட்டில் (ஸ்ட்ராட்டோகாஸ்டரின் செல்லப்பெயர்) 25.5 அங்குலம், லெஸ் பாலில் 24.75 அங்குலம். முக்கால் அங்குலம்தானே என்று தோன்றும். ஆனால் அதே தடிமன் கம்பியை அதே சுருதிக்கு ஏற்றும்போது, நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப இழுவை கூடும். நீளம் 3 சதவீதம் அதிகம் என்றால் இழுவை 6 சதவீதம் அதிகம். விரல் வைக்கும் பலகையில் குறுக்கே பதித்த உலோகக் கோடுகளான ஃப்ரெட்டுகளுக்கு இடையே உள்ள தூரமும் கொஞ்சம் கூடுகிறது. சின்னக் கை உள்ளவருக்கு, ஒரே விரலால் எல்லாக் கம்பிகளையும் அழுத்தும் முதல் பார் கார்டிலேயே (கார்டு என்றால் பல ஸ்வரங்கள் சேர்ந்த பிடி) இது தெரிந்துவிடும். அந்த இறுக்கம்தான் வேண்டும் என்பவர்களும் உண்டு. ரிதம் வாசிக்கும்போது கம்பி தளர்ந்து ஆடாமல், ஒவ்வொரு அடியும் துல்லியமாக விழும். உங்கள் அண்ணன் அந்த வகையாக இருக்கலாம்.

அடுத்தது அந்த விரல் பலகையின், அதாவது ஃபிங்கர்போர்டின், வளைவு. பழைய ஃபெண்டர்களில் அது 7.25 அங்குல ஆரம் கொண்டது, நன்றாக உருண்டிருக்கும். விரலை மடக்கிக் கார்டு பிடிக்க சுகம். ஆனால் மேல் ஃப்ரெட்டுகளில் கம்பியை இழுத்து வளைத்தால், நடுவில் உள்ள மேட்டில் கம்பி முட்டி ஸ்வரம் செத்துவிடும். இப்போதைய ஃபெண்டர்களில் பெரும்பாலும் 9.5 அங்குலம், கிப்சனில் 12 அங்குலம். எண் கூடக் கூடப் பலகை தட்டையாகிறது.

மூன்றாவது பிக்கப், அதாவது கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் காந்தச் சுருள். உங்கள் இருவரின் சண்டைக்கு முக்கியக் காரணம் இதுதான். ஸ்ட்ராட்டில் இருப்பது சிங்கிள் காயில். ஒரே சுருள் என்பதால் சத்தம் தெளிவாக, பளிச்சென்று வரும். கூடவே கரண்ட்டின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலையும் அது பிடித்துக்கொள்ளும். ட்யூப்லைட் சோக், ஃபேன் ரெகுலேட்டர் பக்கம் திரும்பி நின்றால் ஆம்பிளிஃபையரிலிருந்து 'ம்ம்ம்' என்று கேட்கும். ஸ்ட்ராட் வைத்திருப்பவர்கள் எந்தப் பக்கம் திரும்பி உட்கார வேண்டும் என்று வீட்டிலேயே ஒரு மூலையைக் கண்டுபிடித்து வைத்திருப்பார்கள். கிப்சனில் சேத் லவர் 1950களில் உருவாக்கிய ஹம்பக்கரில் இரண்டு சுருள்கள் எதிரெதிராக இணைக்கப்பட்டிருக்கும். இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும், கம்பியின் சத்தம் மட்டும் சேர்ந்து தடித்து வரும். அந்தத் தடிப்பு உங்களுக்கு இனிமை, அண்ணனுக்கு அடைப்பு.

இந்த வித்தியாசம் தற்செயலாக வந்ததில்லை. லியோ ஃபெண்டர் கலிஃபோர்னியாவில் ரேடியோ ரிப்பேர் செய்துகொண்டிருந்தவர். கிடார் வாசிக்க அவர் கற்றுக்கொள்ளவே இல்லை. ஆலையில் சுலபமாகச் செய்ய வேண்டும், கெட்டுப்போனால் கழற்றி மாற்ற வேண்டும் என்ற கணக்கில் 1950இல் பிராட்காஸ்டரைக் கொண்டுவந்தார். அடுத்த ஆண்டே அதன் பெயர் டெலிகாஸ்டர் ஆனது. ஸ்ட்ராட் 1954இல் வந்தது. இவற்றின் நெக்கை, அதாவது நீளக் கழுத்தை, நான்கு திருகு கழற்றினால் கையோடு எடுத்துவிடலாம். கிப்சன் மாண்டலின் செய்து வளர்ந்த நிறுவனம். 1952இல் வந்த லெஸ் பாலில் மேற்பலகையைக் குடைந்து வளைத்து, நெக்கைப் பசை போட்டு ஒட்டினார்கள். இந்த வேலைப்பாடுதான் சிலரை மயக்குகிறது. அதற்கு ஒரு விலையும் உண்டு: கம்பிகளை முறுக்கும் தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக் சுமார் 17 பாகை பின்னால் சாய்ந்திருப்பதால், ஸ்டாண்டிலிருந்து சரிந்து விழுந்தால் நட்டுக்குப் பின்னாலேயே உடையும். பழைய கிப்சன் வாங்கப் போகிறவர்கள் அந்த இடத்தில் டார்ச் அடித்து மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பார்க்காமல் பணத்தை எடுக்கவே கூடாது.

மோகத்துக்கும் பங்கு இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். 1958 முதல் 1960 வரை வந்த சன்பர்ஸ்ட் லெஸ் பால்கள் அன்று சரியாகப் போகவில்லை. 1961இல் கிப்சன் அந்த வடிவத்தையே விட்டுவிட்டு, இன்று எஸ்.ஜி. என்று நாம் சொல்லும் மெல்லிய உடல் வடிவத்துக்கு மாறியது. 1966இல் ஆங்கிலேயக் கிடார் கலைஞர் எரிக் கிளாப்டன், ப்ளூஸ் இசைக்கலைஞர் ஜான் மேயாலோடு பழைய லெஸ் பாலில் ஒலிப்பதிவு செய்த பிறகுதான் எல்லோரும் அதைத் தேடி அலைந்தார்கள். 1968இல் கிப்சன் மறுபடியும் தயாரிக்கத் தொடங்கியது. மரம் அதே, கம்பி அதே. மாறியது கேட்டவர்களின் காது. நாம் எந்தக் கிடார் சத்தத்தைக் கேட்டு வளர்ந்தோமோ, அதுதான் 'சரியான' சத்தம் என்று மனதில் படிந்துவிடுகிறது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்தச் சத்தத்துக்காகத்தானே வாசிக்கவே வருகிறோம்?

சரி, வாங்குவதற்கு வருவோம். கிப்சன் லெஸ் பால் ஸ்டாண்டர்டு இங்கே இரண்டு லட்சத்தைத் தாண்டும். உங்கள் பட்ஜெட்டில் கிப்சனின் துணை பிராண்டான எபிஃபோனைப் பாருங்கள். அதே 24.75 அங்குலம், ஹம்பக்கர் பிக்கப். நாலு கிலோ கனம் தோளுக்கு அதிகம் என்றால் எஸ்.ஜி. வடிவம் எடுங்கள். கடையில் உட்கார்ந்து மட்டும் பார்க்காதீர்கள். ஸ்ட்ராப் போட்டு இருபது நிமிடம் நின்று வாசியுங்கள்.

ஆனால் அதற்கு முன்னால் அண்ணனின் ஸ்ட்ராட்டை ஒரு தடவை சோதித்துவிடுங்கள். 12ஆவது ஃப்ரெட் மேல், கம்பிக்கு அடியில், எண்கள் புடைக்காத இரண்டு ஏ.டி.எம். கார்டுகளை ஒன்றாக வைத்து நுழையுங்கள். இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 1.5 மில்லிமீட்டர். கம்பியை லேசாகத் தொட்டபடி நுழைந்தால் ஆக்ஷன், அதாவது ஃப்ரெட்டுக்கு மேல் கம்பி நிற்கும் உயரம், சரி. மூன்று கார்டு தாராளமாக நுழைகிறது என்றால் வலிக்குக் காரணம் ஃபெண்டர் இல்லை, யாரும் அந்த உயரத்தைச் சரிசெய்து செட்டப் செய்யாததுதான். அவர் 10ஆம் நம்பர் கம்பி போட்டிருந்தால் அதைவிட மெல்லிய 9ஆம் நம்பருக்கு மாற்றச் சொல்லுங்கள். இப்போது ஸ்ட்ராட்டுகள் ஆலையிலிருந்தே 9இல்தான் வருகின்றன. இதற்குப் பிறகும் கை ஒட்டவில்லை என்றால் நிம்மதியாக எபிஃபோன் வாங்குங்கள்.

கேள்வி: மகளுக்கு அக்கூஸ்டிக் கிடார் வாங்க வேண்டும். கற்றுத்தரும் சார் "யமஹாவைத் தவிர வேறு எதுவும் வேண்டாம்" என்கிறார். அமெரிக்காவில் இருக்கும் என் தங்கை மார்ட்டின் அல்லது டெய்லர் வாங்கி வருவதாகச் சொல்கிறாள். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: சார் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆசிரியர்கள் யமஹாவைச் சொல்வதற்குக் காரணம், அவர்களின் தொடக்கநிலை மாடலான எஃப்310 ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. பத்து மாணவர்கள் பத்துக் கடையில் வாங்கினாலும் எல்லாம் ஒரே மாதிரி சுருதியில் நிற்கும், வகுப்பு ஓடும். இதையே சிலர் 'யமஹாவுக்கு உயிர் இல்லை' என்பார்கள். கற்றுக்கொள்ளும் பிள்ளைக்கு அந்த ஒரே சீர்தான் பெரிய உதவி.

மார்ட்டின் 1833இல் தொடங்கிய நிறுவனம், பென்சில்வேனியாவின் நாசரேத்தில் இருக்கிறது. பெரிய வயிறுள்ள டிரெட்நாட் வடிவம் அவர்களுடையது. கீழ்ஸ்தாயி நிறைந்து வரும், பாடிக்கொண்டே அடித்து வாசிப்பவர்களுக்கு மிகவும் பிடிக்கும். 1974இல் தொடங்கிய டெய்லரின் நெக் மெல்லியது, சத்தம் பளிச்சென்று மேலே நிற்கும். எலெக்ட்ரிக் வாசித்துப் பழகியவர்கள் டெய்லரை எடுத்த உடனே வீட்டுக்கு வந்த மாதிரி உணர்வார்கள். மார்ட்டின் பிரியர்களுக்கோ அதில் அடித்தளம் போதவில்லை என்று தோன்றும்.

மரத்தைப் பற்றித் தங்கை நிறையச் சொல்வார், கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். மார்ட்டினின் புகழ்பெற்ற டி-28க்கு முதலில் பிரேசில் ரோஸ்வுட்தான். 1969 வாக்கில் அது கிடைக்காமல் போகவே இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறினார்கள். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் ஈட்டி, தோதகத்தி என்று சொல்லும் அதே மரம். இன்றும் பிரேசில் மரத்துக்காக லட்சங்களைக் கொட்டுபவர்கள் இருக்கிறார்கள். 2018இல் இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பின்பலகை, பக்கப்பலகை மரம் மட்டும் வேறுபடும் ஆறு கிடார்களைச் செய்யவைத்து, கண்ணுக்குத் தெரியாதபடி 52 பேரிடம் வாசிக்கக் கொடுத்தார்கள். பிரேசில் மரமும் இந்திய மரமும் மலிவான மரங்களும் ஏறக்குறைய ஒரே மதிப்பெண்தான் வாங்கின. ஆகவே பின்பலகை மரத்தின் பெயருக்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்க வேண்டாம். சத்தத்தைத் தூக்கிக் கொடுப்பது மேற்பலகை.

இன்னொன்று, நீங்கள் சென்னையிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். முழுமர கிடார்களைக் காற்றில் 45 முதல் 55 சதவீத ஈரப்பதத்தில் வைக்கச் சொல்கிறார்கள் தயாரிப்பாளர்கள். சென்னையில் அது 70ஐத் தாண்டுவது சகஜம். முழுமர மேற்பலகை ஈரம் குடித்து உப்பும், பிரிட்ஜ் உயரும், ஆக்ஷன் ஏறும், பிள்ளைக்கு விரல் வலிக்கும். எஃப்310 போன்ற ஒட்டுப்பலகை கிடார் இதைக் கண்டுகொள்ளாது. முதல் இரண்டு வருடம் அது போதும். கை நன்றாகப் பழகிய பிறகு மகளே போய் மார்ட்டினையும் டெய்லரையும் வாசித்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்கட்டும். சித்தி வாங்கி வரும் கிடார் சித்தியின் காதுக்குப் பிடித்ததாகத்தான் இருக்கும்.

கேள்வி: எலெக்ட்ரிக் கிடாரில் கர்நாடக சங்கீதம் பழகுகிறேன். ஐபனெஸ் பிராண்ட் கிடார், மெட்டல் எனும் கனத்த ராக் இசை வாசிப்பவர்களுக்கு மட்டும்தான் என்கிறார்கள் நண்பர்கள். அப்படியா?

பதில்: அப்படி ஒன்றும் எழுதி வைக்கவில்லை. ஐபனெஸ் ஆர்.ஜி. வகையில் நெக் மிக மெல்லியது, ஃபிங்கர்போர்டு சுமார் 16 அங்குல ஆரம், ஏறக்குறைய தட்டை, 24 ஃப்ரெட். வேகமாக வாசிக்கும் மெட்டல்காரர்கள் இதைத் தேடிப் போனது இயல்பு. ஆனால் கமகத்துக்கும் இதே குணங்கள்தான் வேண்டும். கம்பியை எவ்வளவு இழுத்தாலும் ஸ்வரம் அறுந்துபோகக் கூடாது. மூன்று ஸ்தாயியைத் தொடவும் இடம் இருக்க வேண்டும். உயரமான ஃப்ரெட்டும் 9ஆம் நம்பர் கம்பியும் போட்டால் ஆந்தோளம் சுலபமாக வரும்.

1970களில் ஆங்கிலேயக் கிடார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லின், இந்திய இசையையும் ஜாஸையும் கலந்த தன் 'சக்தி' குழுவுக்காகத் தனியாகச் செய்யச் சொன்ன கிப்சன் அக்கூஸ்டிக்கில், ஃப்ரெட்டுகளுக்கு நடுவே மரத்தைக் குடைந்து பள்ளமாக்கியிருந்தார்கள். குறுக்கே ஏழு அதிர்வுக் கம்பிகளும் உண்டு. வீணையில் மாதிரி கம்பியை அழுத்தியும் இழுத்தும் ஸ்வரத்தை வளைக்கவே இந்த ஏற்பாடு. நீங்கள் மரத்தைக் குடையும் வேலையில் இப்போது இறங்க வேண்டாம். மெல்லிய நெக் சில கைகளுக்குக் கட்டைவிரல் பிடிப்புக் கிடைக்காமல் பிசகும். அதை மட்டும் கடையில் ஒரு வர்ணத்தை முழுதாக வாசித்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

கேள்வி: இணையத்தில் 'கிப்சன் லெஸ் பால்' இருபதாயிரத்துக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். கிப்சன் பெயரில் இப்போது விற்கும் லெஸ் பால்கள் அமெரிக்காவின் நாஷ்வில்லில் தயாராகின்றன. அந்த விலைக்கு வரவே வராது. 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, எந்த நாட்டில் தயாரானது என்பதை விற்பவர் அந்த இணையப் பக்கத்திலேயே காட்ட வேண்டும். முதலில் அதைப் பாருங்கள். புகைப்படத்தில் ஹெட்ஸ்டாக்கில் உள்ள ட்ரஸ் ராட் (நெக்கின் உள்ளே ஓடும் உலோகத் தண்டு) மூடியைப் பெரிதாக்கிப் பாருங்கள். கிப்சனில் இரண்டு திருகுதான். மூன்று இருந்தால் போலி என்றே வைத்துக்கொள்ளலாம். இரண்டு இருந்துவிட்டால் அசல் என்று அர்த்தமில்லை, சீரியல் நம்பரையும் பில்லையும் கேளுங்கள். ஏற்கெனவே பணம் கட்டிவிட்டீர்கள் என்றால் பெட்டியைப் பிரிப்பதை முழுதாக வீடியோ எடுங்கள். திருப்பி எடுக்க மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிவு செய்யுங்கள். அந்த இருபதாயிரத்துக்கு எபிஃபோனின் தொடக்கநிலை கிடார்களையும் ஃபெண்டரின் துணை பிராண்டான ஸ்குவையரையும் ஒரு கடையில் போய் வாசித்துப் பாருங்கள். பெயர் சின்னதாக இருந்தாலும் அவை அசல், வாரன்ட்டியோடு வருபவை.