துவக்கு லைசென்ஸ் விபரம் தொடர்பாகக் கடிதம் வந்தால் பேசாமல் இருந்துவிடாதீர்கள்

கேள்வி: வெல்லாவெளிப் பக்கம் வேளாண்மை செய்கிறேன். பன்றித் தொல்லைக்காகப் பயிர்ப் பாதுகாப்புத் துவக்கு ஒன்று லைசென்ஸோடு வைத்திருக்கிறேன். மாவட்டத்தில் துவக்கு வைத்திருப்பவர்களின் பெயர், முகவரியை யாரோ தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டிருக்கிறார்களாம். என் கருத்தைக் கேட்டுக் கச்சேரியிலிருந்து, அதாவது மாவட்டச் செயலகத்திலிருந்து, கடிதம் வந்திருக்கிறது. வேளாண்மைக் காலத்தில் நாங்கள் வயல் வாடியில்தான் படுப்போம், வீட்டில் வயதான அம்மா மட்டும்தான். துவக்கைத் தேடி யாராவது வந்தால் என்ன செய்வது? பதில் எழுதாமல் விட்டால் விபரத்தைக் கொடுக்கமாட்டார்கள்தானே? பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துத் தருவதாக ஒருவர் காசு கேட்கிறார்.

பதில்: கொடுப்பார்கள், ஐயா. நீங்கள் நினைப்பதற்கு நேர்மாறாகத்தான் சட்டம் இருக்கிறது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 29 ஆம் பிரிவு என்ன சொல்கிறது என்றால், மூன்றாம் ஆள் ஒருவரைப் பற்றி இரகசியமாக வைத்திருந்த தகவலை யாராவது கேட்டால், தகவல் அலுவலர் ஒரு வாரத்துக்குள் அந்த ஆளுக்குக் கடிதம் எழுதி அபிப்பிராயம் கேட்க வேண்டும். கடிதம் கிடைத்து ஏழு நாளுக்குள் நீங்கள் ‘வேண்டாம்’ என்று எழுதினால் தகவல் மறுக்கப்படும். பதிலே எழுதாவிட்டால் தகவலைக் கொடுக்க வேண்டும். ‘கொடுக்கலாம்’ என்றில்லை, கொடுத்தே ஆக வேண்டும். வாய் திறக்காமல் இருந்தால் வம்பு வராது என்று பழகிப்போன எங்கள் சனத்துக்கு இதை எவரும் எடுத்துச் சொல்வதில்லை. கடிதத்தில் கொட்டை எழுத்தில் போட வேண்டிய விசயம் இது. ஆனால் அலுவலகக் கடிதங்கள் படித்தவனுக்கே விளங்காத மொழியில்தான் வருகின்றன.

பதிலைத் தமிழிலேயே, கையாலேயே எழுதலாம். சட்டத்தரணி தேவையில்லை. ‘என் பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி இலக்கம், துவக்கின் இலக்கம் ஆகியவற்றை வெளியிட நான் சம்மதிக்கவில்லை. 5(1)(அ) பிரிவின்படி இது தனிப்பட்ட தகவல். வெளியானால் என் வீட்டாரின் பாதுகாப்புக்குப் பங்கம் வரும்’ என்று எழுதி, அம்மா தனியே இருப்பதையும் ஒரு வரியில் சொல்லுங்கள். அதோடு, ‘ஒவ்வொரு பிரதேச செயலகப் பிரிவிலும் எத்தனை லைசென்ஸ், என்ன வகைத் துவக்கு, என்ன தேவைக்கு என்ற எண்ணிக்கைகளைக் கொடுப்பதில் ஆட்சேபனை இல்லை’ என்றும் சேர்த்துவிடுங்கள். மறைக்க வேண்டியதை மறைத்து மிச்சத்தைக் கொடுக்கச் சட்டத்திலேயே வழி உண்டு. அலுவலருக்கும் அது இலகு.

கடிதம் வந்த உறையை எறிய வேண்டாம். உங்கள் படுவான்கரைப் பக்கத்துக்குத் தபால் எப்போது வந்து சேரும் என்று உங்களுக்குத் தெரியும். ஏழு நாளை உங்கள் கையில் கிடைத்த நாளிலிருந்துதான் எண்ண வேண்டும், அதனால் அந்தத் திகதியை உறையிலேயே எழுதி வையுங்கள். பதிலை நேரில் கொடுத்தால் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். இல்லாவிட்டால் பதிவுத்தபால்.

இனி, காசு கேட்கிற அந்த ஆளின் கதை. பட்டியலிலிருந்து பெயரை எடுக்க எவராலும் முடியாது. லைசென்ஸ் இருக்கும்வரை பதிவேட்டில் பெயர் இருக்கும், இருக்கவும் வேண்டும். அவர் செய்யப்போவது, நான் மேலே சொன்ன நாலு வரியை எழுதி உங்களிடம் கையெழுத்து வாங்குவதுதான். அதைவிட மோசம், லைசென்ஸையும் அடையாள அட்டையையும் போட்டோகொப்பி எடுத்துத் தரச் சொல்வார். கொடுத்துவிடாதீர்கள். கச்சேரியிலிருந்து போகுமோ என்று நீங்கள் பயப்படும் விபரம் முழுவதும் அந்த இரண்டு தாளில் இருக்கிறது. கச்சேரிக்காவது ஒரு சட்டம் உண்டு, இவர்களுக்கு என்ன உண்டு? ஆண்டுதோறும் லைசென்ஸ் புதுப்பிக்கிற நேரம் பாருங்கள். ஜீ.எஸ். (கிராம சேவகர்) சான்று, காணிப் பத்திரம், லைசென்ஸ் எல்லாவற்றையும் கட்டாகத் தரகரிடம் கொடுத்துவிட்டு வயலுக்குப் போய்விடுகிறார்கள். தரகர் அதைக் கொமினிகேசன் கடையில் ஸ்கேன் பண்ணுகிறார். அது அந்தக் கடைக் கொம்பியூட்டரில் வருடக்கணக்கில் கிடக்கும். வட்ஸ்அப்பில் அனுப்பினால் இன்னும் எத்தனை போனில் போய் நிற்குமோ. வெற்றுத் தாளில் கையெழுத்து வைத்துக் கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். துவக்கு விசயத்தில் இதைவிட ஆபத்தான வேலை இல்லை.

தகவல் கேட்டவரைத் தேடிப் போகவும் வேண்டாம். எந்தப் பிரஜையும் காரணம் சொல்லாமலே கேட்கலாம், அது அவருடைய உரிமை. துவக்கு யார் கையில் இருக்கிறது என்று கேட்க மட்டக்களப்பு, அம்பாறைச் சனத்துக்கு நியாயம் உண்டு. அதற்கு எண்ணிக்கையும், எந்த அடிப்படையில் லைசென்ஸ் கொடுத்தார்கள் என்ற விபரமும் போதும். உங்கள் வீட்டு முகவரி தேவையில்லை.

ஒரு விதிவிலக்கை மட்டும் நன்றாக விளங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் மறுத்தாலும் கேட்டவர் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவரை போகலாம். வெளியிடுவதால் வரும் பொதுநன்மை உங்கள் தனிப்பட்ட நலனைவிடத் தெளிவாகப் பெரிது என்று ஆணைக்குழு கண்டால், வெளியிடச் சொல்லலாம். காணியே இல்லாத ஒருவருக்குப் பயிர்ப் பாதுகாப்பு என்று துவக்கு கொடுத்திருந்தால், அல்லது செல்வாக்குள்ள ஒருவர் தன் பதவியைக் காட்டித் துவக்கு வாங்கியிருந்தால், அந்தப் பெயரைக் கேட்பதில் பொதுநன்மை இருக்கிறது. அவர் ‘என் தனிப்பட்ட தகவல்’ என்று ஒளிய இடம் கொடுக்கக்கூடாது. பத்து ஏக்கர் வயலுக்குப் பன்றிக் காவல் காக்கிற ஒருவரின் வீட்டு முகவரியில் அப்படி என்ன பொதுநன்மை? ஆகவே இந்த விதிவிலக்குக்குப் பயந்து பதில் எழுதாமல் விடாதீர்கள். ஆணைக்குழு உங்கள் பக்கத்தைப் பார்ப்பதற்கும் நீங்கள் எழுதிய அந்தக் காரணம்தான் கையில் இருக்கும்.

2012 டிசம்பரில் அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில் ஒரு பத்திரிகை, கைத்துவக்கு அனுமதி வைத்திருந்தவர்களின் பெயரையும் முகவரியையும் வரைபடமாகவே போட்டது. அங்கே அது பொதுப் பதிவு. பெரிய எதிர்ப்புக்குப் பிறகு, அடுத்த மாதம் வந்த சட்டம், பெயரை மறைக்கச் சொல்லி உரிமையாளர் விண்ணப்பிக்க வழி விட்டது. அங்கேயும் விண்ணப்பித்தவருக்குத்தான் அந்தப் பாதுகாப்பு. இங்கே 2022 இல் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒன்றை நிறைவேற்றினார்கள். 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவேண்டிய முக்கிய பிரிவுகளைப் பின்போட்டார்கள். சட்டம் போடுவதில் இருக்கிற அவசரம் அதை நடத்துவதில் இல்லை. அதை நம்பி இந்த ஏழு நாளைக் கோட்டை விட முடியாது.

கடிதம் வந்து எத்தனை நாள் என்று நீங்கள் எழுதவில்லை. ஏழு நாள் தாண்டியிருந்தாலும் பதிலைக் கொண்டுபோய்க் கொடுங்கள். கேட்டவருக்கு இன்னும் முடிவு போகாமல் இருந்தால் அலுவலர் அதைப் பார்க்க இடம் உண்டு. ஆனால் பார்த்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. அதனால் நாளைக் காலையே கச்சேரிக்குப் போங்கள். தகவல் அலுவலர் யார் என்று கேட்டு நேரே அவரிடமே கொடுங்கள், வாசலில் நிற்கிறவர்களிடம் ஒரு தாளும் கொடுக்க வேண்டாம்.