கிருமிக்கு வெல்லம், சீனி பேதம் கிடையாது: ஈறு மருத்துவரிடம் கேள்வி பதில்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஈறு நோய் பார்க்கிறேன். வாயில் வாழும் நுண்ணுயிர்களைப் பற்றி எது கேட்டாலும் சொல்கிறேன். மாத்திரைப் பெயர் மட்டும் கேட்காதீர்கள், வாயைப் பார்க்காமல் எழுத மாட்டேன்.

முதுநகர் மாணவி: மேடம், வாயில இருக்கிற கிருமி எல்லாத்தையும் கொன்னுட்டா நல்லதுதானே? தினமும் ரெண்டு வேளை மவுத்வாஷ் போடுறேன்.

வேண்டாம்மா. மனித வாய்களில் இதுவரை கண்டறிந்தவை சுமார் 700 வகை பாக்டீரியாக்கள். 1683-லேயே ஹாலந்தின் லேவன்ஹூக் தன் பல்லிடுக்கில் சுரண்டிய வெள்ளைப் படிவை லென்ஸில் பார்த்து, துள்ளித் திரிகிற உயிர்கள் என்று லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். இவற்றில் பெரும்பாலானவை நமக்குக் கெடுதல் செய்யாதவை. வாய் என்கிற பஸ்ஸில் அவை உட்கார்ந்திருப்பதால்தான் வேண்டாதவனுக்கு சீட் கிடைப்பதில்லை. ஆன்டிபயாடிக் நாள்கணக்கில் சாப்பிட்டவர்களுக்கு நாக்கில் வெள்ளையாகப் பூஞ்சை படர்வது சீட் காலியாவதால்தான்.

இன்னொன்று. கீரை, பீட்ரூட், முள்ளங்கியில் உள்ள நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றுவது நாக்கின் மேல் வாழும் பாக்டீரியாக்கள். விழுங்கிய பிறகு அதிலிருந்து நைட்ரிக் ஆக்சைடு உண்டாகி ரத்தக்குழாய்களைத் தளர்த்துகிறது. 2013-ல் வெளியான ஓர் ஆய்வில் ஆரோக்கியமானவர்கள் ஒரு வாரம் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிக்கொல்லி மவுத்வாஷ் கொப்பளித்தார்கள். ரத்த அழுத்தம் 2, 3 புள்ளி ஏறியது. சின்ன ஆய்வு, சின்ன ஏற்றம்தான். ஆனாலும் அந்த பாட்டிலை டாக்டர் சொன்ன நாளுக்கு மேல் தொடாதீர்கள். பல்லில் பழுப்புக் கறையும் ஏறும்.

நெல்லிக்குப்பம் விவசாயி: டாக்டரம்மா, எங்க தாத்தா கடைசி வரைக்கும் கரும்பு கடிச்சவரு. ஒரு பல்லு சொத்தை இல்ல. கெடுக்கிறது வெள்ளைச் சீனிதான், வெல்லம் கெடுக்காது. சரிதானுங்களே?

இல்லைங்க ஐயா. வெல்லத்திலும் பெரும்பகுதி சீனியில் உள்ள அதே சுக்ரோஸ்தான். 1924-ல் கிளார்க் என்பவர் சொத்தைப் பல்லிலிருந்து பிரித்தெடுத்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்ற பாக்டீரியா அந்த சுக்ரோஸை வைத்து இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, பசை மாதிரி ஒரு படலம் கட்டிப் பல்லில் ஒட்டிக்கொள்கிறது. இரண்டு, அமிலம் சுரக்கிறது. வாயின் பிஹெச் (குறையக் குறைய அமிலம் கூடும் அளவு) சுமார் 5.5-க்குக் கீழே போனால் பல்லின் மேல்பூச்சான எனாமல் கரையத் தொடங்கும். எச்சில் அதைச் சரிசெய்ய அரை மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம்.

நெல்லிக்குப்பம்: அப்ப வெல்லத்துல இருக்கிற இரும்புச்சத்து?

இருக்கிறது. மியூட்டன்ஸ் அதைப் பார்த்து மனம் மாறாது.

பண்ருட்டி இல்லத்தரசி: குறுக்க பேசறேன்னு நினைக்காதீங்க மேடம். பலாச்சுளை முழுசும் இனிப்புதானே, அதுவும் பல்லைக் கெடுக்குமா? அண்ணன் சொல்ற தாத்தா கதை எங்க வீட்டுலயும் உண்டு.

தாத்தா விஷயத்துக்கு வருகிறேன். ஸ்வீடனில் விபெஹோல்ம் என்ற, மனவளர்ச்சி குன்றியோருக்கான விடுதியில் 1940-களில் ஓர் ஆய்வு தொடங்கினார்கள். அங்கிருந்தவர்களில் சிலருக்குச் சாப்பாட்டோடு சர்க்கரை, சிலருக்கு நடுநடுவே ஒட்டுகிற டாஃபி. சம்மதம் சொல்லும் நிலையில் இல்லாதவர்களின் பல்லைத் தெரிந்தே கெடுத்தார்கள், அது அநியாயம். ஆனால் முடிவு தெளிவு: சாப்பாட்டோடு சேர்ந்த சர்க்கரையால் அதிகம் கெடவில்லை, இடையிடையே ஒட்டிக்கொண்ட டாஃபிதான் பல்லைத் தின்றது. எத்தனை கிலோ என்பதைவிட எத்தனை தடவை, எவ்வளவு நேரம் ஒட்டியிருக்கிறது என்பதுதான் கணக்கு. உங்கள் தாத்தா ஆறு வேளை டீயும் பிஸ்கெட்டுமாக இருந்திருக்க மாட்டார். கரும்பை மென்றபோது எச்சிலும் ஊறியிருக்கும். பலாச்சுளையைச் சாப்பாடு முடிந்ததும் சாப்பிட்டு வாயைக் கொப்பளியுங்கள். நாள் முழுக்கக் கொறிக்காதீர்கள்.

நெல்லிக்குப்பம்: சர்க்கரைப் பொங்கலையும் விட்டுடணுமா?

யார் விடச் சொன்னார்கள்? இலையில் சோற்றோடு சாப்பிடுங்கள். வெல்ல மிட்டாயைச் சட்டைப்பையில் வைத்துச் சப்பாதீர்கள்.

ரெட்டிச்சாவடி: க்ளீனிங் பண்ணா பல் ஆடும்னு சொல்றாங்களே?

ஆடாது. எலும்பு ஏற்கெனவே கரைந்த பல்லைக் காரை, அதாவது பல்லில் கெட்டியாகப் படிந்த அழுக்கு, இறுக்கிப் பிடித்திருக்கும். காரையை எடுத்ததும் உண்மை தெரிகிறது. சில நாள் கூச்சம் இருக்கும், போய்விடும்.

வில்லியனூர், சர்க்கரை நோயாளி: ஈறுக்கும் சுகருக்கும் சம்பந்தம் இருக்கா?

இரண்டு பக்கமும். சுகர் கூடினால் ஈறு கெடும், ஈறில் அழற்சி நீடித்தால் சுகர் கட்டுக்குள் வராது. முறையான ஈறு சிகிச்சைக்குப் பின் மூன்று, நான்கு மாதத்தில் ஹெச்பிஏ1சி (சுமார் மூன்று மாத சுகர் அளவைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) சராசரியாக 0.4 சதவீதப் புள்ளி இறங்குவதைப் பல ஆய்வுகளின் தொகுப்பு காட்டுகிறது. அதற்காக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். தேய்க்கும்போது ரத்தம் வந்தால் பிரஷ்ஷையும் நிறுத்தாதீர்கள். ரத்தம் வருவது அழற்சியால், தேய்ப்பதால் அல்ல.

லாஸ்பேட்டை: ஈறு கிருமிதான் ஞாபக மறதி நோய்க்குக் காரணம்னு வீடியோ பார்த்தேன்.

நீங்கள் சொல்லும் ஈறு கிருமியின் பெயர் போர்ஃபிரோமோனாஸ் ஜின்ஜிவாலிஸ். அல்சைமர் நோயாளிகளின் மூளையில் அதன் நொதிகள் இருப்பதாக 2019-ல் ஒரு கட்டுரை வந்தது. அந்த நொதிகளைத் தடுக்கும் மருந்தைச் சோதித்தார்கள். 2021-ல் வந்த முடிவு, நோயின் சரிவை மருந்து தடுக்கவில்லை. வீடியோக்காரர் அதைச் சொன்னாரா?

பாகூர்: மேடம், க்ளீனிங் பண்ணா பல்லுக்கு நடுவுல சந்து விழுமாமே?

ரெட்டிச்சாவடிக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள். சந்து காரை உட்கார்ந்திருந்த இடம்.

அரியாங்குப்பம்: நல்லெண்ணெய் கொப்பளிக்கலாமா?

கொப்பளியுங்கள், பிறகு பல் தேயுங்கள். அது தேய்ப்பதற்கு மாற்று இல்லை.

சிதம்பரம் சாலை: இதயத்துல செயற்கை வால்வு வச்சிருக்காங்க அப்பாவுக்கு. பல் பிடுங்கணும்.

அப்பாவின் இதய மருத்துவரிடம் கேட்காமல் எங்கும் பிடுங்காதீர்கள். வாய் பாக்டீரியா ரத்தத்தில் கலந்து வால்வில் ஒட்டினால் உயிருக்கே ஆபத்து. முன்கூட்டியே ஆன்டிபயாடிக் தருவார்கள்.

காட்டுமன்னார்கோயில்: க்ளீனிங்…

ஆடாது. சந்து விழாது. எனாமல் தேயாது.

நெல்லிக்குப்பம்: கடைசியா ஒண்ணு டாக்டரம்மா. பேரனுக்கு ஒண்ணரை வயசு. ராத்திரி பனங்கற்கண்டு போட்ட பால் பாட்டிலோடதான் தூங்குவான். கற்கண்டுதானே, ஒண்ணும் ஆகாதில்ல?

ஐயா! தூங்கும்போது எச்சில் வெகுவாகக் குறையும், அமிலத்தைக் கழுவ ஆள் இல்லை. மேல் முன்பற்கள்தான் முதலில் போகும். பாலைத் தூங்குமுன் டம்ளரில் கொடுத்து, பல்லைத் தேய்த்துப் படுக்க வையுங்கள். ராத்திரி கேட்டால் வெறும் தண்ணீர். ரெண்டு மூணு நாள் அழுவான், விட்டுக்கொடுக்காதீர்கள். மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள். ஈறோரம் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைக் கோடு தெரிந்தால் இந்த வாரமே பல் டாக்டரிடம் காட்டுங்கள், அந்தக் கட்டத்தில் குழி விழாமல் தடுக்க வாய்ப்பு உண்டு.