ராமேஸ்வரம் குழுச் சுற்றுலாவில் 'மீனவர் இரவு' விருந்து நிகழ்ச்சிக்குத் தனியாகப் பணம் கட்டிப் போகலாமா?

குடும்பத்தோடு பஸ் டூர், இரண்டாம் நாள் ராத்திரி மண்டபம் என்ற ஊர்ப் பக்கம் ஒரு ரிசார்ட்டில் ஆட்டம் பாட்டோடு சாப்பாடு, அதற்குத் தனிக்கட்டணம், போவதா அறையில் படுத்துத் தூங்குவதா என்று கேட்டிருக்கிறீர்கள். போங்கள். ஆனால் பணத்தைக் கட்டுவதற்கு முன்னால் டூர்காரரிடம் மேடையில் ஆடுவது யார், எந்த ஊர்க்காரர்கள் என்று கேளுங்கள். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

நான் பாம்பனில் பிறந்தவள், கல்யாணமாகி மதுரைக்கு வந்தேன். அப்பா கரைவலை இழுத்தவர். தனுஷ்கோடிப் பக்கம் கம்பிப்பாடு என்ற ஊரின் கரையில் அம்பா, அதாவது வலை இழுக்கும் பாட்டு, பாடுவதற்கென்றே அவரைத் தேடி ஆள் வரும். போன மே மாதம் எங்கள் தெருக்காரர்கள் சேர்ந்து பஸ் பேசி ராமேஸ்வரம் கிளம்பினார்கள். சொந்த ஊருக்கு எதற்கு டூர் என்று கேட்காதீர்கள். பிள்ளைகளுக்குக் கூட்டாளிகளோடு போக ஆசை.

உங்கள் டூரில் வருவது போலவே எங்களுக்கும் ஒரு விருந்து நிகழ்ச்சி இருந்தது. முதலில் சாப்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். அன்று காலையில்தான் எல்லாரும் கோயிலில் 22 தீர்த்தமும் ஆடி வந்திருந்தார்கள். அதனால் பாதிப் பேர் கவிச்சி தொடவில்லை, சாம்பார் சாதத்தோடு எழுந்துவிட்டார்கள். அவர்களும் அதே கட்டணம்தான் கட்டியிருந்தார்கள். உங்கள் வீட்டிலும் தீர்த்தமாடிவிட்டுச் சைவமாக இருப்பவர்கள் உண்டென்றால், அவர்களுக்குக் கட்டணம் குறையுமா என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள். மீன் சாப்பிட்டவர்களுக்கு, "இன்று காலை விசைப்படகில் வந்த வஞ்சிரம்" என்று மைக்கில் அறிவித்தார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் இந்தக் கரையில் விசைப்படகுக்குத் தடைக்காலம். மே மாதத்தில் விசைப்படகு மீன் எங்கிருந்து வரும்? ஐஸில் கிடந்த மீன் அது. நாட்டுப்படகுக்காரர்கள் அந்த நாட்களிலும் கடலுக்குப் போகிறார்கள். விளைமீன், ஊளி, கணவாய், நண்டு எல்லாம் கரைக்கு வருகிறது. அதை வாங்கிச் சமைத்து, உள்ளதைச் சொல்லிப் பரிமாறியிருந்தால் ருசியாகவும் இருந்திருக்கும்.

அப்புறம் ஆட்டம். ஒயிலாட்டம் நன்றாகவே இருந்தது. கைத்துணியை வீசி அவர்கள் அடிபோட்ட விதத்தில் பிள்ளைகள் எழுந்து நின்றுவிட்டார்கள். அதற்குப் பிறகு 'கரைவலை நடனம்' என்றார்கள். பளபளவென்று லுங்கி கட்டிய பையன்கள் எட்டுப் பேர் ஒரே இடத்தில் நின்றுகொண்டு, எங்களைப் பார்த்துச் சிரித்தபடி, ஒரு நைலான் கயிற்றை முன்னும் பின்னும் ஆட்டினார்கள். பின்னணியில் சினிமாப் பாட்டு. கடைசியில் பிளாஸ்டிக் மீன்களோடு ஒரு வலை வந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வள்ளத்தில் வலையை ஏற்றிக்கொண்டு போய் அரைவட்டமாக வளைத்து விட்டு, கயிற்றின் இரண்டு முனையையும் கரைக்குக் கொண்டுவருவார்கள். இரண்டு பக்கமும் ஆள் பிடித்து இழுக்க வேண்டும். குதிகாலை மணலில் ஊன்றி, உடம்பைப் பின்னால் சாய்த்து, ஒவ்வொரு அடியாகப் பின்வாங்க வேண்டும். கடைசியில் நிற்பவர் மேலே போய்விட்டால் கயிற்றை விட்டுவிட்டு, நடந்து தண்ணீர் ஓரத்துக்கு வந்து மறுபடி முதல் ஆளாகப் பிடிப்பார். இப்படியே ஆள் சுற்றிக்கொண்டே இருக்கும். கயிற்றில் சொறிமீன் (ஜெல்லிமீன்) ஒட்டியிருந்தால் உள்ளங்கை தீயாய் எரியும், ஆனாலும் பிடியை விட முடியாது. அத்தனை பேர் இழுவையையும் ஒன்றாகச் சேர்ப்பது பாட்டுத்தான். ஒருவர் எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள், அந்த வாங்குகிற இடத்தில்தான் இழுவை விழும். மீன் சேரும் வலைப்பையான மடி கரையை நெருங்க நெருங்கப் பாட்டு வேகமெடுக்கும். பாட்டு தப்பினால் ஒரு பக்கம் தளரும், ஒரு பக்கம் தளர்ந்தால் மீன் போய்விடும். அந்த வேலைக்கு அலங்காரமாகப் பாடிய பாட்டு இல்லை அது, அந்தப் பாட்டு இல்லாமல் வேலையே நடக்காது.

இடைவேளையில் நான் கை கழுவப் போனேன். அங்கே தண்ணீர்க் கேன் மாற்றிக்கொண்டிருந்த பெரியவர் என் முகத்தைப் பார்த்து, "என்ன தாயி, நீ எந்த ஊரு?" என்றார். சொன்னேன். அப்பா பேரைச் சொன்னதும், "அட, அவன் மகளா நீ? அவன் பாட்டுக்கு நான் இழுத்திருக்கேனே" என்றார். கம்பிப்பாட்டுக்காரர். முட்டி போய்விட்டதால் இங்கே சம்பளத்துக்கு வந்திருக்கிறார். நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது ஆட்டக்காரப் பையன்கள் தண்ணீர் குடிக்க வந்தார்கள். பெரியவர் அவர்களில் ஒருவனை நிறுத்தி, குதிகாலை எங்கே ஊன்ற வேண்டும் என்று தன் காலாலேயே காட்டினார். அவன் சிரிக்கவில்லை. உடனே செருப்பைக் கழற்றிவிட்டு ஊன்றிப் பார்த்தான். குழுவின் வாத்தியார் ஓடி வந்து, "ஐயா, அந்தப் பாட்டை ஒரு தடவை சொல்லுங்க" என்று போனை நீட்டினார். பெரியவர் இரண்டு வரி பாடியிருப்பார். உள்ளேயிருந்து மேற்பார்வையாளர் "தண்ணி எங்கே?" என்று சத்தம் போட, கேனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

பாட்டும் வேலையும் தெரிந்த மனிதர் அதே கட்டடத்துக்குள் கேன் தூக்குகிறார். வெளியே மேடையில் அவர் வாழ்க்கையை நடித்துக் காட்ட, மதுரையிலிருந்து வண்டி வைத்து ஆள் கூட்டிவருகிறார்கள். நான் தாங்காமல் மேலாளரிடம் போய், "அவரிடம் மைக்கைக் கொடுத்து, அதற்கும் சம்பளம் கொடுங்கள்" என்றேன். "பார்க்கலாம் மேடம்" என்றார்.

இதைப் படித்ததும் 'எல்லாவற்றிலும் குறை காண்கிறவள்' என்று சிலர் எழுதுவார்கள். அந்தப் பையன்களை நான் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஒரு ராத்திரிக் கூலிக்கு வேர்க்க வேர்க்க ஆடினார்கள், கற்றுக்கொள்ளவும் தயாராக இருந்தார்கள். காசுக்கு ஆடுவது தப்பு என்றும் சொல்லவில்லை. காசு கொடுங்கள், இன்னும் கூடவே கொடுங்கள். அதில் கம்பிப்பாட்டுக்காரருக்கும் ஒரு பங்கு போகட்டும் என்கிறேன்.

டூர்களில் இன்னொன்றும் நடக்கிறது. 1964 டிசம்பர் புயலைப் பற்றிச் சொல்லி, "அதோடு தனுஷ்கோடியில் ஆளே கிடையாது" என்று பஸ்ஸில் மைக்கில் முடித்துவிடுகிறார்கள். ஜன்னலுக்கு வெளியே ஓலைக் கொட்டகை வாசலில் வலை காய்கிறது, பிள்ளைகள் விளையாடுகின்றன. அப்போது அவர்கள் யார்?

கேட்ட கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், ஆனாலும் சொல்கிறேன். மதுரையில் வாடகைக்கு வீடு தேடியபோது, பாம்பன் என்று சொன்னதுமே "கருவாடு வறுப்பீங்களே" என்று கதவைச் சாத்தியவர்கள் உண்டு. அப்படி ஒரு வீட்டுக்காரர் அந்த விருந்தில் எனக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்து, கரைவலை நடனத்தை வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். கடற்கரைச் சனங்களை மேடையில் பார்க்கப் பிடிக்கிறது, மாடியில் குடிவைக்கப் பிடிக்கவில்லை. ஆறாமல்தான் இதை எழுதுகிறேன்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஆடுபவர்கள் உள்ளூர் என்றாலோ, உள்ளூர் ஆள் ஒருவராவது பாடுகிறார் என்றாலோ தாராளமாகப் போங்கள். இல்லையென்றால் அந்தப் பணத்தை வைத்துக்கொண்டு, மறுநாள் தனுஷ்கோடியைத் தாண்டிச் சாலை முடியும் அரிச்சல்முனைக்குப் போகும் வண்டியைக் காலையிலேயே எடுக்கச் சொல்லுங்கள். வாடைக் காலமென்றால் (வடகிழக்குக் காற்று) தென்கடல் பக்கம், கச்சான் காலமென்றால் (தென்மேற்குக் காற்று) வடகடல் பக்கம் கரைவலை இழுப்பார்கள். சாலையிலிருந்தே தெரியும். இறங்கிப் போய், "அண்ணே, பார்க்கலாமா?" என்று கேட்டுவிட்டுப் பக்கத்தில் நில்லுங்கள். கேட்காமல் போனைத் தூக்க வேண்டாம். கயிற்றைத் தாண்டாதீர்கள், காலில் சுற்றிக்கொள்ளும். பிள்ளைகள் ஆசைப்பட்டால் ஒரு கை பிடிக்க விடுவார்கள். மடி ஏறியதும் மீனைப் பிரிப்பார்கள், அங்கேயே வாங்கலாம். பேரம் பேசாதீர்கள். சமைக்க வழியில்லை என்றால் வழியில் இருக்கும் கொட்டகைக் கடையில் கொடுத்தால் பொரித்துத் தருவார்கள்.