நல்லா வேலை செய்வார் என்று நம்பி எடுத்த ஆள் சில மாதங்களில் மந்தமாகிவிடுகிறார். இது ஆளின் குறையா, நிறுவனத்தின் குறையா?

கேள்வியைப் பார்த்தால் நீங்கள் ஆள் எடுக்கும் இடத்தில் இருப்பவர் என்று தோன்றுகிறது. இன்டர்வியூவில் சுறுசுறுப்பாகப் பேசியவர் இப்போது கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறார், அடிக்கடி லீவு போடுகிறார், அந்த எரிச்சலில் கேட்டிருப்பீர்கள். மந்தம் என்று என்னையும் சொல்லியிருக்கிறார்கள். அதனால்தான் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியவில்லை.

எனக்குத் தெரிந்த உலகம் ஜவுளிக்கடை. தென்காசிப் பக்கம் ஊர். பன்னிரண்டாவது முடித்ததும் சென்னையில் ஒரு பெரிய கடையில் பட்டு செக்‌ஷனில் சேர்ந்தேன். கடைப் பெயர் வேண்டாம். தங்குவதும் சாப்பாடும் கடை ஹாஸ்டலில். எங்கள் பக்கத்துப் பெண்கள் நிறையப் பேர் இப்படித்தான் போவோம், பாதுகாப்பு என்று நம்பி வீட்டிலும் அனுப்புவார்கள். காலையில் கடை திறக்குமுன் நின்றால் ராத்திரி ஷட்டர் இறங்கும்வரை நிற்பதுதான். கூட்டமே இல்லாத மத்தியான நேரத்திலும் உட்காரக் கூடாது. தூணில் லேசாகச் சாய்ந்தால், "என்ன புள்ள, தூணு விழுந்துருமா? தள்ளி நில்லு" என்பார் எங்களை மேற்பார்க்கும் ஃப்ளோர் அண்ணாச்சி. பாத்ரூம் போக அவரிடம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். அந்தக் கூச்சத்தில் பாதிப் பேர் தண்ணீரே குடிக்க மாட்டோம். சீனியர் அக்காமார் பலருக்குக் கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு புடைத்துக்கொண்டு நிற்கும்.

கஷ்டக் கதை சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். உங்கள் கேள்விக்கான பதில் இதற்குள்தான் இருக்கிறது.

பட்டுச்சேலையை மடிப்பது சின்ன வேலை இல்லை. ஒரு குடும்பம் கல்யாணத்துக்கு எடுக்க வந்தால் கவுண்டர் முழுக்க விரித்துப் போட்டுவிடுவோம். அவர்கள் போன பிறகு ஒவ்வொன்றையும் பழைய மடிப்புக் கோட்டிலேயே, முந்தானை வெளியே தெரிகிற மாதிரி திரும்ப மடிக்க வேண்டும். மடிப்புத் தப்பினால் ஜரிகையில் கோடு விழும். திரும்பத் திரும்ப அப்படி அழுந்தினால் அந்த இடத்தில் பட்டு இற்றுப் போய்க் கிழியும். காலையில் யாரும் தப்பாக மடிப்பதில்லை. ராத்திரி, கால் கடுத்து, மெஸ்ஸில் சாப்பாடு தீர்ந்துவிடுமோ என்ற பயத்தில் அவசரமாக மடிக்கும்போதுதான் தப்பும். மறுவாரம் டேமேஜ் கணக்கு எடுத்து, செக்‌ஷனில் எல்லோர் சம்பளத்திலும் பிடிப்பார்கள். "பிள்ளைகளுக்கு அக்கறை இல்லை" என்று மீட்டிங்கில் திட்டுவார்கள். எந்த நேரத்தில் மடித்த சேலை கெட்டது என்று ஒருவரும் கேட்டதில்லை.

அடுத்தது இன்சென்டிவ். பில் சீட்டில் எந்த ஊழியருடைய கோடு நம்பர் இருக்கிறதோ அவருக்குத்தான் காசு. பழைய ஸ்டாக்கைத் தள்ளிவிட்டால் கூடுதல். என்ன ஆகும்? ஒரு அம்மா வந்து அடுத்த செக்‌ஷன் எங்கே என்று கேட்டால் கூட்டிக்கொண்டு போக ஆள் வராது. புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கு யாரும் தொழில் சொல்லித்தர மாட்டார்கள், சொல்லித்தந்தால் நாளைக்கு நம்மிடம் வாங்க வருகிறவர்களை அவள் பிடித்துவிடுவாள். நானும் அங்கே அப்படித்தான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். யார் வந்தாலும் "என்ன ரேட்டில் பார்க்கிறீங்க மேடம்?" என்று கேட்பதோடு சரி. அதைப் பார்த்துத்தான் எனக்கு மந்தம் என்று பெயர் வைத்தார்கள்.

கல்யாணமாகி மதுரைக்கு வந்த பிறகு நடுத்தரமான ஒரு கடையில் சேர்ந்தேன். அங்கே பட்டு செக்‌ஷனில் கவுண்டரே கிடையாது. மெத்தை போட்டு, மேலே வெள்ளை விரிப்பு. வாங்க வருகிறவர்களும் உட்காருவார்கள், நாங்களும் உட்கார்ந்துதான் சேலையை விரிப்போம். காஞ்சிபுரத்துப் பழைய கடைகளில் இது காலங்காலமாக உள்ள பழக்கம்தான். உட்கார்ந்தால் வியாபாரம் படுத்துவிடும் என்கிறவர்கள் அங்கே போய்ப் பார்க்கலாம். இன்சென்டிவ் செக்‌ஷனுக்கு மொத்தமாக வரும், பிரித்துக்கொள்வோம். சேர்ந்த வாரத்திலேயே சீனியர் அக்கா என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சேலையைத் திருப்பிப் பிடித்து, கோர்வையில் உடலும் பார்டரும் கோக்கிற இடத்தை எப்படிக் காட்டுவது, அசல் பட்டு என்பதற்கு அடையாளமான சில்க் மார்க் சீட்டில் என்ன பார்க்கச் சொல்வது என்று கற்றுத்தந்தார். சென்னையில் இருந்த காலம் முழுக்க இதை எனக்கு யாரும் சொன்னதில்லை. இப்போது அந்த செக்‌ஷனை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அக்கா இருக்கிறாரா என்று என்னைக் கேட்டுக்கொண்டே உள்ளே வரும் குடும்பங்கள் இருக்கின்றன. அதே ஆள், அதே கை, அதே வாய்தான்.

வயதும் அனுபவமும் கூடியதால் மாறியிருப்பீர்கள் என்று யாராவது சொல்லலாம். கொஞ்சம் உண்மைதான். ஆனால் சென்னையில் என்னைவிட அனுபவம் உள்ள அக்காமாரும் அதே மாதிரிதானே நின்றார்கள்? எல்லாப் பெரிய கடையும் மோசம், சின்னக் கடையெல்லாம் நல்லது என்று நான் சொல்லவில்லை. சின்னக் கடையில் பிஎஃப் பிடிக்காதவர்களும் உண்டு. எங்கே போனாலும் வேலை செய்யாத ஆளும் உண்டு, அதையும் மறுக்கவில்லை. ஆனால் ஒரே இடத்தில் வருகிற ஆளெல்லாம் சில மாதங்களில் மந்தமாகிறார் என்றால் ஆளைக் குறை சொல்வதில் என்ன நியாயம்?

நான் சென்னையில் நின்ற காலத்தில் கடை ஊழியர் உட்காரலாம் என்று சட்டம் இல்லை. கோழிக்கோட்டில் மிட்டாய்த்தெருக் கடைகளில் வேலை செய்த பெண்கள் கழிப்பறைக்கும் உட்காரும் உரிமைக்கும் வருடக்கணக்காகப் போராடினார்கள். பெண்கூட்டு என்று அமைப்பு. முன்னால் நின்ற விஜி ஒரு தையல்காரர். 2018இல் கேரளம் சட்டத்தை மாற்றியது. 2021 செப்டம்பரில் நம் சட்டமன்றமும் 1947ஆம் வருடக் கடைகள் சட்டத்தில் 22-ஏ பிரிவைச் சேர்த்து, எல்லா ஊழியருக்கும் உட்கார வசதி இருக்க வேண்டும் என்றது. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. இப்போது சென்னையில் வேலை பார்க்கும் என் சித்தி மகள், அவள் கடையில் ஸ்டூல் வந்துவிட்டது, ஆனால் அது டிரையல் ரூம் பக்கத்தில் அடுக்கிக் கிடக்கிறது, எடுத்துப் போட்டு உட்கார்ந்தால் அண்ணாச்சி முகம் மாறுகிறது என்கிறாள். ஆகவே உங்கள் இடத்தில் என்னென்ன வசதி இருக்கிறது என்று பட்டியல் போடுவதோடு நிற்காதீர்கள். போன வாரம் அதை யார் யார் பயன்படுத்தினார்கள் என்று போய்ப் பாருங்கள். மேனேஜர் பக்கத்தில் இல்லாத நேரத்தில் கேட்டால்தான் உண்மை வரும்.